மாப்பிள்ளை கடைந்த தண்டு

குமிழ் கையோடு வந்துவிட்டது.

கடைசல்காரர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். மிளகு மாதிரி ஒரு குமிழ் அங்கே உட்கார்ந்திருந்தது. இடது கையில் மாமனாரின் கைக்கடிகாரம். சற்று முன்வரை இரண்டும் ஒன்றாக இருந்தவைதான். சாவி கொடுக்கலாம் என்று மெதுவாகத்தான் திருகினார். பாதியில் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. கடிகாரத்திலிருந்து அந்தச் சத்தம் வருவது நியாயம்தானே என்று எண்ணி இன்னொரு சுற்றும் திருகிவிட்டார்.

மெதுவாக என்பது அவரவர் செய்யும் வேலையைப் பொறுத்தது. அவர் காகித ஆலைப் பட்டறையில் லேத் ஓட்டுபவர். அவர் கடைவதெல்லாம் ஆளைவிட நீளமான இரும்பு உருளைகள். கிரேன் வைத்துத் தூக்கித்தான் லேத்தில் மாட்டுவார்கள். அந்தக் கைக்கு மெதுவென்றால் கடிகாரத்துக்கு அது இடி.

"ஏங்க, வண்டி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவைக் கூட்டிட்டு வரணும். பாத்ரூம்ல என்ன பண்றீங்க?" வெளியிலிருந்து மனைவி கேட்டாள்.

"பல்லு விளக்கறேன்."

"பிரஷ் இங்க இருக்கு."

கதவு திறந்தது. மனைவி குமிழைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கணவன் முகத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"அப்பாவோட வாட்சா!"

"கத்தாதே."

"பசை போட்டு ஒட்டிடலாமா?"

"எதோட ஒட்டறது? உள்ள இருக்கற தண்டு முறிஞ்சுபோச்சு. பாதி குமிழோட வந்துடுச்சு, மீதி உள்ளேயே தங்கிடுச்சு."

மாமனார் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால்தான் பஸ் நகரும். அவருடைய கடிகாரம் சொன்னால்தான் அவர் விசில் ஊதுவார். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணமும் வேலையும் அந்தக் கடிகாரத்தால் கிடைத்தன, மீதிப் பேருடையது அதனால் தவறிப்போனது என்று சொல்வார்கள். கண்ணில் படலம் மூடி, ஒரு கண்ணுக்கு அறுவை செய்ய உள்ளே அழைத்துப் போகும்போதுதான் அதைக் கழற்றினார்.

"காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி சாவி குடுத்துடணும் மாப்ளே. என் கைக்கு வந்ததுலேருந்து ஒரு நாள்கூட நின்னதில்லை" என்று சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற மாமியார் அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த பல்லியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?" என்றார் கடைசல்காரர்.

"அதிர்ச்சி, கோபம், தும்மல், மூணும் கூடாதுன்னாரு."

"இதைச் சொன்னா முதல் ரெண்டும் ஒண்ணா வரும்."

"கட்டு பிரிச்சப்புறம் சொல்லிக்கலாமே."

"கட்டு பிரிச்சா அவரே பார்த்துடுவாரே! சொல்றதுக்கு நான் எதுக்கு?"

இதற்குள் மாமியார் வந்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் நொடியில் சுதாரித்துக்கொண்டார். அந்த வேகத்தைப் பார்த்து மாப்பிள்ளைக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இதுக்குப் போய் ஏன் பதறணும்? இதே மாதிரி இன்னொண்ணு வாங்கி வெச்சுட்டாப் போச்சு."

"கண்டுபிடிச்சுடுவாரு அத்தை."

"மாட்டாரு."

"எப்படிச் சொல்றீங்க?"

"மாட்டாருன்னா மாட்டாரு. ஆம்பளைங்க எங்க வாட்சைப் பார்க்கறாங்க? மணியைத்தான் பார்க்கறாங்க. பழைய சாமான் கடைங்கள்ல போய்க் கேளுங்க. மேல இருக்கறதைப் பார்க்காதீங்க, கூடையில கைவிட்டு அடியில துழாவணும். கண்ணாடியில கீறல் இருந்தாலும் பரவாயில்லை, பல்பொடி போட்டுத் தேய்ச்சா போயிடும்."

மாமனாரைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அறுவை செய்த கண்ணில் கட்டு. மற்றக் கண்ணில் படலம் இன்னும் அப்படியே. அதற்கு விளக்குக்கும் ஜன்னலுக்கும்தான் வித்தியாசம் தெரியும். கட்டை ஒரு வாரம் தொடக் கூடாது; அதுவரை சொட்டு மருந்து மற்றக் கண்ணுக்கு மட்டும். வந்ததும் முதல் வேலையாகக் கையை நீட்டினார்.

"வாட்ச்."

"கண்ணுக்கு மருந்து விடறப்ப தண்ணி பட்டுடும். கட்டு பிரிக்கற வரைக்கும் மாப்பிள்ளையே வெச்சிருக்கட்டும்" என்றார் மாமியார்.

"அப்ப காதுகிட்டயாவது காட்டுங்க."

நல்லவேளையாக, உடைவதற்கு முன் கொடுத்த சாவியில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் கேட்டார். சின்னப் பிள்ளை தூங்கும் சத்தத்தைக் கேட்பவர் போல முகம் தளர்ந்து தூங்கிப்போனார்.

அன்று மாலைக்குள் கடைசல்காரர் ஊரில் இருந்த பழைய சாமான் கடைகளில் எல்லாம் அடியில் கைவிட்டுத் துழாவிவிட்டார். கிடைத்தது ஒரு தேள் கொட்டுதான். அதுவும் தேள் இல்லை, குண்டூசி. கடைசியாக, சந்துமுனையில் இருந்த வாட்ச் கடையில் ஏறினார்.

கடையை நடத்துகிற அம்மாவுக்கு நெற்றியில் ஒரு லென்ஸ், வலது கையில் விரல் நுனி வரை மாவுக்கட்டு. இடது கையாலேயே கடிகாரத்தைத் திறந்து, உள்ளே தங்கியிருந்த பாதித் தண்டை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார்.

"இதுக்குத் தண்டு எங்கேயும் கிடைக்காது. பண்ணின கம்பெனியே இப்ப இல்லை. புதுசாக் கடைஞ்சாத்தான் உண்டு."

"கடைஞ்சு குடுங்கம்மா."

அவர் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "ஸ்டூல்லேருந்து விழுந்தேன். அடுத்த மாசம் பிரிப்பாங்க."

"எங்க மாமாவுக்குக் கண் கட்டை அடுத்த வாரம் பிரிக்கறாங்களே!"

"அப்ப உங்க மாமா முந்திக்கிட்டாரு." லென்ஸைக் கண்ணுக்கு இறக்கி அவருடைய கைகளைப் பார்த்தார். "இது என்ன, கையா உலக்கையா? என்ன வேலை பண்றீங்க?"

"லேத்துல கடைசல்."

"அட, கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே! நீங்களே கடைஞ்சுக்க வேண்டியதுதானே?"

லென்ஸ் வழியே தண்டைப் பார்த்தார் கடைசல்காரர். உள்பக்க நுனியில் ஊசி போல ஒரு முனை. அடுத்து சதுரமாக ஒரு பகுதி. அதற்கப்புறம் உருண்டை, அதில் வளையமாக ஒரு பள்ளம், கடைசியில் குமிழ் மாட்டும் மரை. எல்லாம் சேர்த்து இரண்டு அரிசி நீளம் இருக்கும்.

"இவ்வளவுதானா? எங்க உருளையோட அச்சு மாதிரியேதான் இருக்கு."

"ஆமாமா. கொசு தூக்கிட்டுப் போற அளவு உருளைன்னு நினைச்சுக்குங்க. இங்கேயே சின்ன லேத் இருக்கு, உட்காருங்க."

"வேணாம்மா. எங்க பட்டறையில இல்லாத லேத்தா?" என்று மீசையை நீவிக்கொண்டு, அந்த அம்மா கொடுத்த எஃகுக் கம்பித் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை கடிகாரம் நின்றுவிட்டது.

"மாப்ளே, சாவி குடுத்தாச்சா? காதுகிட்ட கொண்டாங்க."

கடைசல்காரர் விழித்தார். மாமியார் விழிக்கவில்லை. அலமாரியில் இருந்த மேஜைக் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி மாப்பிள்ளை கையில் திணித்தார். அது மாமனாரின் காதருகே போயிற்று.

"என்ன இது, குதிரை ஓடற மாதிரி இருக்கு?"

"இப்பத்தானே சாவி குடுத்திருக்கு, தெம்பா ஓடுது" என்றார் மாமியார்.

"காதுல ஏதோ துணி படுதே?"

"வாட்சுக்குக் குளிருமேன்னு சுத்தி வெச்சிருக்கேன் மாமா" என்று உளறினார் கடைசல்காரர்.

மாமனார் காதை இன்னும் நெருக்கமாக வைத்துக் கேட்டார். "என்னைவிட அதை நல்லாப் பார்த்துக்கறீங்க மாப்ளே" என்றார்.

அப்போது அலாரம் அடித்தது. வீடே அதிர்கிற மாதிரி அடித்தது.

"என் வாட்சுல எப்பலேருந்து அலாரம்?"

"அது போன்! போன் அடிக்குது பாருங்க மாப்ளே, எடுங்க!" என்று மாமியார் கத்தினார். துண்டோடு கடிகாரத்தை இடுக்கி அமுக்கிக்கொண்டே கடைசல்காரர், சும்மா கிடந்த போனை எடுத்து, "ஹலோ" என்றார்.

"யாரு?"

"ராங் நம்பர் மாமா."

பட்டறைக்கு ஓடினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போன பிறகு, யானை மாதிரி நிற்கும் தன் லேத்தில் அந்தக் கம்பியைப் பிடிக்கப் பார்த்தார். லேத்தில் இரும்பைக் கவ்வும் தாடை மூன்றும் சேர்ந்தாலும் நடுவில் எலி நுழையலாம். கம்பி உள்ளே விழுந்தது. எடுத்து, ஒரு பித்தளைக் குழாய்க்குள் செருகி, அதை இன்னொரு குழாய்க்குள் செருகி, ஒருவழியாகப் பிடித்து, லேத்தை ஓடவிட்டு உளியைக் கொண்டுபோய் வைத்தார். உளி தொட்டதாகக் கூடத் தெரியவில்லை. கம்பியைக் காணோம். குனிந்து தேடினார். கண்ணைச் சுருக்கித் தேடினார். முகத்தைத் தாடைக்குள் விட்டுத் தேடினார்.

"என்னப்பா கடையறே?" பின்னால் போர்மன் நின்றார்.

"தண்டு சார்."

"எங்கே?"

"இப்ப இங்கதான் இருந்துச்சு."

போர்மன் வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்த லேத்தைப் பார்த்தார். அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த தன் சிறந்த தொழிலாளியைப் பார்த்தார். நல்ல மனிதர். தோளில் கைபோட்டு, "உனக்குக் கண்ணு சரியில்லை. எத்தனை வருஷமா இரும்புப் பொடிக்குள்ள நிக்கறே! ஒரு வாரம் வீட்டுல இரு. கண் டாக்டரைப் பாரு. உங்க வீட்டுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார்.

"வேணாம் சார், போன் மட்டும்..."

பண்ணிவிட்டார். இந்த முறை நிஜமாகவே அடித்த போனை, கட்டிலில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மாமனாரே எடுத்துவிட்டார்.

கடைசல்காரர் வீட்டுக்குள் நுழையும்போது மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட்டிருந்தது.

"படுங்க மாப்ளே. எங்கிட்ட மறைக்கலாமா? எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல சின்னச் சாமான் தெரியாது, அப்புறம் பெரிய சாமான் தெரியாது. கண்ணை மூடிக்குங்க. அம்மாடி, உன் வீட்டுக்காரருக்கும் அந்தச் சொட்டு மருந்தை விடு."

"அப்பா, அவருக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்த மனைவி, கணவர் கும்பிடுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மருந்து எடுக்கப் போனவள், சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துவிட்டு, வெறும் தண்ணீரைக் கொண்டுவந்து விட்டாள். மாமனும் மாப்பிள்ளையுமாகக் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். மாமனார் அந்த நிலையில் ஊர் பஸ்களின் பழைய கால அட்டவணை முழுவதையும் ஒப்பித்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், "கண் டாக்டர்கிட்ட போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாட்ச் கடைக்குப் போக முடிந்தது.

"எங்க பட்டறையில இல்லாத லேத்தா?" என்று வரவேற்றார் வாட்ச் கடை அம்மா.

"சொல்லிக் காட்டாதீங்கம்மா."

சின்ன லேத் மேஜை மேல் இருந்தது. தையல் மிஷின் மோட்டார்தான் அதை ஓட்டியது. பட்டறையில் உளியை இயந்திரம் பிடித்துக்கொள்ளும். இங்கே உளியைக் கையில்தான் பிடிக்க வேண்டும், எழுதுகிற பேனாவைப் பிடிப்பது போல. கடைசல்காரர் உட்கார்ந்ததும் ஸ்டூல் முனகியது. லேத் அவர் நெஞ்சுக்கு முன்னால் பொம்மை போல இருந்தது.

உளியை வைத்தார். 'டிங்.' கம்பி கூரையில் பட்டு எங்கோ போயிற்று.

"தள்ளாதீங்க. தடவுங்க" என்றார் அந்த அம்மா.

இன்னொரு கம்பி. 'டிங்.'

"தடவச் சொன்னா குத்தறீங்க. வீட்டுல குழந்தைக்கு மை வெச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் குழந்தையோட அம்மாதான் வைப்பாங்க."

"அது தெரியுது."

மறுநாள் கம்பி தெறிக்காமல் நின்றது. அதற்கடுத்த நாள் ஊசி முனை வந்தது. உளியின் அடியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய எஃகுச் சுருள் ஒன்று எழுந்து, சத்தமில்லாமல் அவர் கட்டைவிரலில் வந்து உட்கார்ந்தபோது, கடைசல்காரர் லேத்தை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உருளையிலிருந்து வருகிற சுருள் காலை அறுக்கும். அதைக் கம்பி போட்டுத்தான் இழுப்பார். இது ஊதினால் பறக்கும்.

சதுரம்தான் உயிரை வாங்கியது. சின்ன அரத்தால் நாலு பக்கமும் ஒரே மாதிரித் தேய்க்க வேண்டும். மூன்று பக்கம் சரியாக வந்தால் நாலாவது கோணிக்கொள்ளும். ஒரு தண்டு சதுரத்தில் போயிற்று. ஒன்று பள்ளம் வெட்டும்போது இரண்டாக ஆயிற்று. ஒன்று எல்லாம் முடிந்து, மரை போடுகையில், கடைசிச் சுற்றில் முறிந்தது. கடைசல்காரர் பல்லைக் கடித்தார். அந்த அம்மா மாவுக்கட்டுக் கையாலேயே இன்னொரு கம்பியை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

வீட்டிலும் அது தெரிந்தது. தம்ளரை இரண்டு விரலால் எடுத்தார். கதவை ஓசைப்படாமல் சாத்தினார். ஒருநாள் மனைவியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார், அவள் பயந்துபோய், "என்னங்க, இன்னும் வேற எதையாவது உடைச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

காலைக் கச்சேரி மட்டும் மோசமாகிக்கொண்டே போயிற்று. மேஜைக் கடிகாரம் இனி ஆகாது என்று மனைவியின் பேட்டரி வாட்சை மாமனார் காதில் வைத்தார்கள்.

"அன்னிக்குக் குதிரை. இன்னிக்கு நொண்டிக் குதிரை" என்றார் மாமனார். "என் வாட்ச் நான் ஒரு மூச்சு விடறதுக்குள்ள படபடன்னு அடிச்சுத் தள்ளிடும். இது அடுத்த அடி அடிக்கலாமா வேணாமான்னு யோசிக்குதே. உடம்புக்கு முடியலையோ?"

"சரியாப் போயிடும் மாமா."

"எனக்கு ஒரு கண்ணு போனா இன்னொரு கண்ணு இருக்கு. அதுக்கு யாரு இருக்கா? நல்ல கடையாப் பார்த்துக் கொண்டுபோய்க் காட்டணும். நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நானே வர்றேன்."

அன்று சாயங்காலம் தண்டு முடிந்தது. பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மெதுவாகச் சூடேற்றியதும் அது மயில் கழுத்து நிறத்துக்கு வந்தது. சின்ன இடுக்கியால் அதைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார்கள்.

"பரவாயில்லை" என்றார் வாட்ச் கடை அம்மா. அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

கடைசல்காரர் தும்மினார்.

இடுக்கி காலியாக இருந்தது.

இருவரும் மண்டியிட்டார்கள். காந்தத்தைக் கட்டித் தரை முழுவதும் இழுத்தார்கள். அந்தக் கடை திறந்ததிலிருந்து தொலைந்த திருகாணி, முள், ஹேர்பின், ஒரு தோடின் திருகு எல்லாம் வந்தன. தண்டு வரவில்லை. கடைசல்காரர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

"கொஞ்சம் இருங்க" என்றார் அந்த அம்மா, வினோதமான முகத்தோடு. "எனக்குக் கையில ஏதோ குத்துது."

தண்டு மாவுக்கட்டுக்குள் போயிருந்தது.

ஒரு நீளக் கம்பியின் நுனியில் சின்னக் காந்தத்தைக் கட்டி, மாவுக்கட்டுக்குள் அங்குலம் அங்குலமாக விட்டார் கடைசல்காரர்.

"இன்னும் உள்ளே. இடது பக்கம். அங்கதான், அங்கதான்."

"தண்டு அங்க இருக்கா?"

"தண்டு இல்லை. அரிப்பு. ஒரு மாசமா எட்டலை. கொஞ்சம் சொறிஞ்சு விட்டுட்டு அப்புறம் தேடுங்க."

அப்போது வாசலில் குரல் கேட்டது. "இது வாட்ச் கடைதானே?"

மாமனார்! கண்ணில் கட்டோடு, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்துவிட்டார். மாமியார், மாவுக்கட்டுக்குள் கம்பி விட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசல்காரர் சிலையானார்.

"ஆமாங்க, சொல்லுங்க" என்றார் கடை அம்மா, கம்பி செருகிய கையை ஆட்டாமல்.

"என் வாட்சுக்கு உடம்பு சரியில்லை. என் மாப்பிள்ளை கொண்டு வருவாரு. பாவம், அவருக்கே இப்ப கண்ணு சரியில்லை. நீங்க நல்லாப் பார்த்துக் குடுக்கணும்." மாமனார் தலையைச் சாய்த்தார். "இங்க வேற யாரோ மூச்சு விடறாங்களே?"

"லேத்துங்க. பழசு."

"லேத்துக்கு இப்படி மூச்சு வாங்குமா?"

"எண்ணெய் போடணும்."

"ஓகோ" என்றார் மாமனார். திரும்பிப் படியிறங்கும்போது, "ரொம்ப வேலை வாங்கிட்டீங்க போல. அந்த லேத்துக்கு ஒரு வாய் தண்ணியும் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் காந்தத்தில் 'கிளிக்' என்றது.

கடைசல்காரரே மாட்டினார். ஒரு சின்னத் திருகை அரைச்சுற்றுத் தளர்த்தி, தண்டை நுழைத்து, திருகை இறுக்கி, குமிழை மாட்டினார். பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாக, தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பது போலத் திருகினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கடிகாரம் படபடவென்று பேசத் தொடங்கியது. வாட்ச் கடை அம்மா லென்ஸை நெற்றிக்குத் தள்ளிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்த மாமனார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சுவத்துல இத்தனை அழுக்கா?" என்றார். மகளைப் பார்த்து, "இளைச்சுட்டியே" என்றார். மனைவியை வெகுநேரம் பார்த்துச் சிரித்தார். பிறகு கையை நீட்டினார்.

கடைசல்காரர் கடிகாரத்தை வைத்தார். மாமியார் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் விரல்கள் வெளுத்திருந்தன. மாமனார் கடிகாரத்தைப் புதுக் கண்ணுக்கு நேரே பிடித்தார். முகப்பைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முகப்பைப் பார்த்தார்.

"அதேதான்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "என் வாட்ச்! ஒரு மாத்தமும் இல்லை!"

மாமியாருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "எல்லாருக்கும் காப்பி போடறேன்" என்று உள்ளே ஓடினார். மனைவியும் உதவிக்குப் போனாள். கூடத்தில் மாமனும் மாப்பிள்ளையும் மட்டும்.

மாமனார் குமிழைத் திருகிப் பார்த்தார். "அடேயப்பா, வழுக்கிக்கிட்டுப் போகுதே. அருமையான வேலை. கடைஞ்சதுல கை ஏதாவது அறுத்துக்கிட்டீங்களா?"

கடைசல்காரர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "மாமா... உங்களுக்கு..."

"மேஜைக் கடிகாரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனையா அத்தனை வருஷம் டைம்கீப்பரா வெச்சிருந்தாங்க?"

"அப்ப அலாரம் அடிச்சப்பவே சொல்லியிருக்கலாமே மாமா! அதைப் போன்னு சொல்லி, நான் எடுத்துப் பேசி... ஏன் பேசாம இருந்தீங்க?"

மாமனார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளையைக் கிட்டே இழுத்து, குரலைத் தாழ்த்தினார்.

"எப்படிச் சொல்றது மாப்ளே? என் காது இவ்வளவு கேக்கும்னு தெரிஞ்சா, என்னிக்கோ உங்க அத்தை என் நிஜ வாட்சைச் சட்டையோட சேர்த்து வாஷிங் மெஷின்ல போட்டு உடைச்சுட்டு, ஊரெல்லாம் அலைஞ்சு இதைத் தேடி வாங்கிட்டு வந்து வெச்சது எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுபோயிடுமே!"